காளிகாட்டில் ஏறுங்கள், ரத்த அழுத்தம் இறங்கிய கதை தெரியுமா?

காளிகாட் காளி கோயிலைச் சுற்றியிருக்கும் பூஜைச் சாமான் கடைகளில் குங்குமம் விற்கும், சங்கு வளையல் விற்கும், செம்பருத்தி மாலை விற்கும். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் என்று ஒரு மரப்பட்டையும் விற்கும், தெரியுமா? 'அர்ஜுன் சால்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். வெளிப்பக்கம் சாம்பல் நிறத்தில் வழவழப்பு, உள்பக்கம் இளஞ்சிவப்பு, நாக்கில் வைத்தால் துவர்ப்பு. நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் மருதம்பட்டை என்கிறோமே, அதேதான். ராத்திரி ஒரு டம்ளர் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் வெறும் வயிற்றில் அந்தச் செந்தண்ணீரைக் குடித்துவிட்டு வாக்கிங் கிளம்பும் பெரியவர்கள் தெற்குக் கல்கத்தாவில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். வங்காளத்துச் சாலையோர மருதமரங்களைப் பாருங்கள். ஆள் கை எட்டும் உயரம் வரைக்கும் பட்டை சுரண்டப்பட்டிருக்கும், அதற்கு மேலே மரம் முழுசாக இருக்கும்!

இந்தப் பட்டைக்கு இப்படி ஒரு பேர் இன்று நேற்று வந்ததில்லை. பதினோராம் நூற்றாண்டில் சக்ரபாணிதத்தர் என்று ஒரு வைத்தியர் இருந்தார். சரக சம்ஹிதைக்கு உரை எழுதிய பெரும் பண்டிதர். அவருடைய 'சக்ரதத்தம்' என்ற நூலே இதய நோய்க்கு மருதம்பட்டையைப் பாலில் காய்ச்சிக் கொடுக்கச் சொல்கிறது. பட்டை ஒரு பங்கு, பால் எட்டுப் பங்கு, தண்ணீர் முப்பத்திரண்டு பங்கு சேர்த்து, தண்ணீர் முழுக்கச் சுண்டிப் பால் மட்டும் மிஞ்சும் வரை காய்ச்சுவது பால் கஷாயத்தின் வழக்கமான கணக்கு. இவருடைய அப்பா யார் தெரியுமா? கௌட நாட்டு மன்னர் நயபாலரின் அரண்மனைச் சமையற்கட்டுக்கு அதிகாரி! அடுப்பில் எதை எவ்வளவு நேரம் வைப்பது என்பது அந்தக் குடும்பத்துக்குக் கைவந்த விஷயம்தான் போலிருக்கிறது.

நமக்கு இந்த மரம் ஒன்றும் புதுசில்லை. திருவிடைமருதூர் கோயிலின் தலமரமே மருதம்தான். ஆனால் கல்கத்தா ஒரு காரியம் செய்தது. இந்தப் பட்டையைப் பிடித்து, "நீ நிஜமாகவே வேலை செய்கிறாயா?" என்று கேட்டது. 1929-ல் கல்கத்தா ஸ்கூல் ஆஃப் டிராபிகல் மெடிசினில் ராம்நாத் சோப்ராவும் கோஷும் மருதம்பட்டையை ஆய்வுக்கூடத்தில் வைத்து அலசினார்கள். வந்த விடை பெரிதாக ஒன்றும் உற்சாகம் தருவதாக இல்லை. அதையும் மறைக்காமல் அப்படியே அச்சிட்டார்கள். அதற்கப்புறம் எத்தனையோ சிறு ஆய்வுகள், சில நம்பிக்கை தருபவை. ஆனாலும் இன்றுவரை இதய மாத்திரைக்குப் பதிலாக இதைக் குடிக்கலாம் என்று சொல்லும் அளவுக்கு ஆயிரக்கணக்கானவர்களை வைத்துச் செய்த பெரிய சோதனை எதுவும் வரவில்லை. காலையில் செந்தண்ணீர் குடிக்கும் தாத்தாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அவர் சிரித்துக்கொண்டே அடுத்த மடக்கைக் குடிப்பார்.

மருதம் போகட்டும். இன்னொரு செடி அதே ஆய்வுக்கூடத்தில் அதே கேள்வியை எதிர்கொண்டது. அதற்குக் கிடைத்த விடை உலகத்தையே புரட்டிப் போட்டது, தெரியுமா?

சர்ப்பகந்தா! முழங்கால் உயரம்தான் இருக்கும். வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கொத்துப் பூ, பழுத்தால் கறுக்கும் சின்னச் சின்னக் காய். சரக்கு மண்ணுக்குள்ளே, வேரில். வளைந்து நெளிந்து கிடக்கும் காய்ந்த வேர், வெளியே மங்கிய பழுப்பு, ஒடித்தால் உள்ளே வெளிர் மஞ்சள். கொஞ்சம் கடித்தால் போதும், நிலவேம்பே தேவலை என்று தோன்றும் கசப்பு. பாம்போடு சண்டைக்குப் போகும் முன் கீரிப்பிள்ளை இந்தச் செடியைத் தின்றுவிட்டுப் போகும் என்று கிராமத்தில் கதை சொல்வார்கள். பீகார்ச் சந்தைகளில் இதன் பெயர் 'பாகல் கீ தவா', பைத்தியத்துக்கு மருந்து. தூங்காமல் ஆர்ப்பாட்டம் செய்பவர்களுக்கு இந்த வேர்ப்பொடியைக் கொடுத்து அடக்குவது அங்கே தலைமுறை வழக்கம். இதன் அறிவியல் பெயரில் இருக்கும் ராவுல்ஃப் என்பவர் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் ஊர் வைத்தியர், மூலிகை தேடி 1573-ல் மேற்காசியாவுக்குக் கப்பலேறியவர். இந்தியாவை அவர் எட்டிக்கூடப் பார்த்ததில்லை! அவர் போய்ச் சேர்ந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு பிரெஞ்சுக்காரர் ஒருவர் அவர் நினைவாக வைத்த பெயர் அது.

இப்போது காளிகாட் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறுங்கள். வடக்கே போகிற வண்டி. இந்தச் செடியின் கல்கத்தாக் கதை முழுக்க இந்த ஒரே தடத்தின் ஓரத்தில் நடந்திருக்கிறது, நம்புவீர்களா?

முதலில் வண்டியைத் தடத்தின் வடகோடிப் பக்கம், சியாம்பஜாருக்கு விடுவோம். இறங்கி நடந்தால் ராஜா தீனேந்திரா தெருவில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி. 1916-ல் இதை அஷ்டாங்க ஆயுர்வேத வித்யாலயமாக ஆரம்பித்தவர் யாமினி பூஷண் ராய். வங்காளத்தில் ஆயுர்வேத வைத்தியரைக் கவிராஜ் என்பார்கள். இவர் கவிராஜ் மட்டுமல்ல, கல்கத்தா மெடிக்கல் காலேஜில் ஆங்கில வைத்தியமும் படித்துத் தேறியவர். 1925-ல் இந்தக் கல்லூரிக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்ட யார் வந்தார் தெரியுமா? காந்தி! வந்தவர் நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போவார் என்றுதானே நினைப்போம்? மேடையிலேயே வைத்தியர்களை ஒரு பிடி பிடித்துவிட்டார். பழம்பெருமையிலேயே காலம் தள்ளுகிறீர்கள், விளம்பரங்களில் அளக்கிறீர்கள், பணிவு போதாது என்கிற தோரணையில். கூட்டம் எப்படி இருந்திருக்கும்!

கல்கத்தாவின் பிரபல கவிராஜ் கணநாத் சேன் சும்மா இருக்கவில்லை. நீங்கள் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று விளக்கம் கேட்டுக் காந்திக்கு எழுதினார். காந்தி 'யங் இந்தியா'வில் பதில் போட்டார். பின்வாங்கவில்லை. மேற்கத்திய வைத்தியர்கள் வரிசையாகக் கண்டுபிடிக்கிறார்கள், உங்கள் பக்கத்திலிருந்து புதுசாக என்ன வந்திருக்கிறது என்பதுதான் சாரம்.

கவனியுங்கள், வருஷம் 1925. ஆறே வருஷம். 1931-ல் 'இந்தியன் மெடிக்கல் வேர்ல்டு' என்ற இதழில் ஒரு கட்டுரை. சர்ப்பகந்தா, மனநோய்க்கும் உயர் ரத்த அழுத்தத்துக்கும் ஒரு புதிய இந்திய மருந்து என்று தலைப்பு. எழுதியவர்கள் இரண்டு பேர். ஒருவர் டாக்டர் கார்த்திக் சந்திர போஸ். இன்னொருவர்? அதே கணநாத் சேன்!

தலைப்பில் 'புதிய' என்ற சொல்லை வைத்தபோது அவர் காந்தியை நினைத்துக்கொண்டாரா என்று எனக்கு ஒரு குறுகுறுப்பு. அது கிடக்கட்டும். கட்டுரையில் இருந்த செய்தி இது: வேர்ப்பொடியை 20 முதல் 30 கிரெயின் வரை, அதாவது நம் கணக்கில் சுமார் 1.3 முதல் 2 கிராம் வரை, தினம் இரண்டு வேளை கொடுத்தால் தூக்கமும் வருகிறது, ஆவேசமும் தணிகிறது, ரத்த அழுத்தமும் இறங்குகிறது. உயர் ரத்த அழுத்தத்துக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு மருந்தும் உலகத்தில் இல்லாத காலம் அது.

எந்த அளவுக்கு இல்லை என்று பார்க்க வேண்டுமா? அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இறந்தார். அன்று அவருடைய டாக்டர் குறித்த ரத்த அழுத்தம் 300/190! உலக யுத்தத்தையே நடத்திக்கொண்டிருந்தவருக்கு டாக்டர்களால் கொடுக்க முடிந்தது உப்பில்லாச் சாப்பாடு, ஓய்வு, இதயத்துக்குக் கொஞ்சம் டிஜிடாலிஸ், அமைதிக்கு ஒரு தூக்க மருந்து. கல்கத்தாக் கட்டுரை வெளிவந்து அப்போது 14 வருஷம் ஆகியிருந்தது. அதை அங்கே யாரும் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

மெட்ரோவில் திரும்பி வாருங்கள். காளிகாட்டுக்கு இரண்டு ஸ்டேஷன் முன்னால் நேதாஜி பவன். பக்கத்திலே உட்பர்ன் பார்க், நேதாஜியின் அண்ணன் சரத் சந்திர போஸின் வீடு. 1937 அக்டோபர் கடைசியில் காங்கிரஸ் கமிட்டிக் கூட்டத்துக்காக வந்து அந்த வீட்டில் தங்கிய விருந்தாளிக்கு ரத்த அழுத்தம் எகிறிவிட்டது. விருந்தாளி யார்? காந்தியேதான்! அக்டோபர் 26 அன்று அவருக்குக் குறிக்கப்பட்ட அளவு 194/130. 1940-ல் ஒரு தடவை 220/110 வரை போயிருக்கிறது. ராட்டை, பிரார்த்தனை, எளிய சாப்பாடு, நாள் தவறாத நடை, எல்லாம் இருந்தும் இந்த அளவு. பிற்காலத்தில் அவரும் சர்ப்பகந்தா எடுத்துக்கொண்டார் என்று ஒரு பேச்சு பரவலாக உண்டு. உண்மையானால், 1925-ல் போட்ட சண்டைக்கு இதைவிட ருசியான முடிவு வேறென்ன!

வரும் வழியில் ஓரிடத்தைத் தாண்டிவிட்டோம். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கும் மகாத்மா காந்தி ரோடு ஸ்டேஷனுக்கும் நடுவில், சித்தரஞ்சன் அவென்யூவில் இருக்கிறது அந்த ஸ்கூல் ஆஃப் டிராபிகல் மெடிசின். குஜ்ரன்வாலாவில் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்த சோப்ரா 1921-ல் இங்கே மருந்தியல் பேராசிரியராக வந்தார். நாட்டு மூலிகைகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, கைவிட வேண்டியதைக் கைவிட்டு, எடுக்க வேண்டியதை எடுப்பது அவருடைய வேலைத்திட்டம். மருதம்பட்டை அவருக்குப் பிடிகொடுக்கவில்லை என்று பார்த்தோம். 1933-ல் அவரும் குப்தாவும் முகர்ஜியும் சர்ப்பகந்தா வேரிலிருந்து ஓர் ஆல்கலாய்டைப் பிரித்து விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்த அழுத்தம் இறங்கியது! கவிராஜும் டாக்டரும் நோயாளியிடம் கண்டதை ஆய்வுக்கூடமும் ஒப்புக்கொண்டது. கலப்பட மருந்துகளை விசாரிக்க 1930-ல் அரசு போட்ட கமிட்டிக்கும் இந்தச் சோப்ராதான் தலைவர். நம் நாட்டின் மருந்துச் சட்டம் 1940-ல் வந்ததற்கு அந்தக் கமிட்டி அறிக்கைதான் அஸ்திவாரம்.

இதே சமயம் டெல்லியில் இன்னோர் அதிசயம். ஹக்கீம் அஜ்மல் கான் ஆரம்பித்த திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திகி 1931-ல் இதே வேரிலிருந்து ஐந்து ஆல்கலாய்டுகளைப் பிரித்தார். ஒன்றுக்குத் தன் புரவலர் நினைவாக 'அஜ்மலின்' என்று பெயர் வைத்தார். இன்றைக்கும் பல நாட்டு இதய மருத்துவமனைகளில் அஜ்மலின் ஊசி போடுகிறார்கள், தெரியுமா? நோயைக் குணமாக்க இல்லை, ஒளிந்திருக்கும் நோயை வெளியே இழுக்க! புருகாடா என்று ஒரு பரம்பரைக் கோளாறு. இசிஜி சாதாரணமாக இருக்கும், ஆள் திடகாத்திரமாக இருப்பார், தூக்கத்திலேயே இதயம் நின்றுவிடும். சந்தேகப்பட்டவருக்கு மருத்துவமனையில் வைத்து இந்த ஊசியைப் போட்டால் அந்தச் சில நிமிஷத்துக்கு இசிஜியில் கோளாறு தலைகாட்டிவிடும். பழைய டெல்லி ஹக்கீம் ஒருவரின் பெயர் ஐரோப்பிய இதய டாக்டர்கள் வாயில் இப்படித் தினமும் புழங்குகிறது.

சரி, ரத்த அழுத்தத்துக்கு வருவோம். இந்தியாவில் 1934-லேயே ஹிமாலயா கம்பெனி 'சர்பினா' என்ற பெயரில் இந்த வேரை மாத்திரையாக்கிவிட்டது. உலகத்துக்கு எட்டியதோ 1949-ல்தான். பம்பாயின் பார்சி இதய டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 50 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த அனுபவத்தைப் 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' வெளியிட்டது. கிட்டத்தட்ட ஐந்தில் நாலு பேருக்கு மேல் அழுத்தம் இறங்கியிருந்தது. அவ்வளவுதான், லண்டனில் அச்சானதும் எல்லாரும் எழுந்து உட்கார்ந்தார்கள்! கல்கத்தாவில் அச்சானபோது ஏன் உட்காரவில்லை என்று கேட்கக் கூடாது.

1952. காளி கோயில் பக்கத்து யாத்ரீகர் விடுதியில் அன்னை தெரசா 'நிர்மல் ஹிருதய்' திறந்தாரே, அதே வருஷம், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா கம்பெனிக்காரர்கள் வேரின் சாரத்தைப் பளிங்காகப் பிரித்து எடுத்துவிட்டார்கள். பெயர் ரெசர்பின். சேனும் போஸும் ஒரு வேளைக்கு 2 கிராம் பொடி கொடுத்தார்கள் இல்லையா? ரெசர்பினில் ஒரு நாளைக்கே 0.25 மில்லிகிராம் போதும். எட்டாயிரத்தில் ஒரு பங்கு!

அது உடம்புக்குள் என்ன செய்கிறது? நரம்பு முனைகளில் நார்அட்ரினலின் என்ற ரசாயனம் நுண்ணிய பைகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. ரத்தக்குழாயை இறுக்கு என்று உத்தரவு போடும் ரசாயனம் அது. ரெசர்பின் அந்தப் பைகளை நிரப்பும் பம்பை அடைத்துவிடும். நெல் கொண்டு வரும் வண்டியைக் கிடங்கு வாசலிலேயே மறித்துவிட்டால் கிடங்கு நாளடைவில் காலியாகத்தானே வேண்டும்? உத்தரவு போட ஆளில்லாமல் குழாய் தளர்கிறது, அழுத்தம் இறங்குகிறது. உடனே நடக்காது, நாள் பிடிக்கும். மருந்தை நிறுத்தினாலும் விளைவு சட்டென்று போகாது, அதற்கும் நாள் பிடிக்கும்.

உலகம் பைத்தியம் பிடித்தாற்போல் இந்த வேரைத் தேடியது. இந்தியா வேர் ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டது. வெளிநாட்டுக் கம்பெனிகள் ஆப்பிரிக்காவுக்கு ஓடி அங்கிருந்த இதன் ஒன்றுவிட்ட தம்பிச் செடியைப் பிடித்தன. 1956-ல் ஹார்வர்டின் ராபர்ட் உட்வர்ட் செடியே இல்லாமல் ரெசர்பினைச் சோதனைக் குழாயில் கட்டி எழுப்பினார். ரசாயனப் பாடப் புத்தகங்களில் இன்றும் அதற்கு ராஜமரியாதை. 1957-ல் வக்கீலுக்கு அமெரிக்காவின் லாஸ்கர் விருது. சேனுக்கு? அவர் அதற்கு வெகு முன்பே காலமாகியிருந்தார்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும் செய்தி ஒன்று பாக்கி. உயர் ரத்த அழுத்தத்தை மாத்திரையால் குறைத்தால் உயிர் பிழைக்குமா என்பதே 1960-கள் வரை சந்தேகமாகத்தான் இருந்தது, தெரியுமா? அழுத்தம் ஏறுவதே உடம்பின் தேவைக்குத்தான், குறைக்காதே என்று வாதாடிய பெரிய டாக்டர்களும் இருந்தார்கள். அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளில் எட்வர்ட் ஃப்ரீஸ் நடத்திய சோதனைதான் இதை முடித்துவைத்தது. கீழ் அளவு 115-க்கும் 129-க்கும் இடையில் இருந்த 143 ஆண்கள். 73 பேருக்கு நிஜ மாத்திரை, 70 பேருக்கு வெறும் மாத்திரை. வெறும் மாத்திரைக்காரர்களில் 27 பேருக்குப் பக்கவாதம், இதயச் செயலிழப்பு என்று பெரும் ஆபத்துகள். நிஜ மாத்திரைக்காரர்களில் 2 பேருக்கு மட்டும்! 1967-ல் முடிவு வெளியானது. நிஜ மாத்திரையில் மூன்று மருந்துகள் இருந்தன. அதில் ஒன்று ரெசர்பின். இன்று உங்கள் டாக்டர் "பிபி மாத்திரையை நிறுத்தவே கூடாது" என்று மிரட்டுகிறாரே, அந்த மிரட்டலுக்கு முதல் ஆதாரம் கொடுத்த சோதனையில் வங்காளத்துக் கவிராஜின் வேரும் சாட்சி சொல்லியிருக்கிறது.

இன்னும் இருக்கிறது! ரெசர்பின் கொடுத்தால் முயல்கள் அசையாமல் உட்கார்ந்துவிடும். ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன் 1957-ல் அப்படி உட்கார்ந்த முயல்களுக்கு எல்-டோபா கொடுத்தார். மூளையில் தீர்ந்துபோன ரசாயனம் மறுபடி உண்டானது, முயல்கள் எழுந்து ஓடின. நடுக்குவாத நோய்க்கு வழி திறந்தது அங்கேதான். 2000-ல் அவருக்கு நோபல்.

அப்படியானால் ரெசர்பினை இன்று ஏன் பார்க்க முடிவதில்லை? கிடங்கு காலியாவது ரத்தக்குழாயில் மட்டும் நடந்தால் பரவாயில்லை. மூளையிலும் நடக்கும். மாத்திரை போட்ட சிலர் காரணமில்லாமல் அழுதார்கள், வாழ்க்கை வெறுத்துப் பேசினார்கள். மனச்சோர்வுக்கு மூளை ரசாயனம் காரணமாக இருக்கலாம் என்ற எண்ணம் வலுத்ததற்கே இது ஒரு தூண்டுகோல். போதாததற்கு மூக்கடைப்பு, வயிற்றுப் புண். பின்னால் வந்த மாத்திரைகள் இந்தத் தொல்லை இல்லாமல் அதே வேலையைச் செய்ததும் ரெசர்பின் ஓரம் கட்டப்பட்டது. ஆகவே சர்ப்பகந்தா வேர் கையில் கிடைத்தது, பொடித்துப் பாலில் போட்டுக் குடித்தேன் என்று யாராவது சொன்னால் உடனே தடுத்துவிடுங்கள். ஏற்கெனவே பிபி மாத்திரை போடுகிறவருக்கு அழுத்தம் படுபாதாளத்துக்குப் போகலாம். கர்ப்பிணிக்கும் மனச்சோர்வு உள்ளவருக்கும் இதன் வாசனையே ஆகாது.

காளிகாட்டில் இறங்கியாயிற்று. அம்மனுக்குச் சாத்தும் செம்பருத்தி மாலையைப் பார்த்ததும் ஞாபகம் வருகிறது. செம்பருத்தி டீ ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2010-ல் அமெரிக்காவில் 65 பேரை வைத்துப் பார்த்தார்கள். தினம் மூன்று கப், ஆறு வாரம். மேல் அளவு சராசரியாக 7 புள்ளி இறங்கியது, வேறு பானம் குடித்தவர்களுக்கு 1 புள்ளிதான். ஆனால் அது காளிக்குச் சாத்துகிற செம்பருத்தி இல்லை! ஆந்திராவில் கோங்குரா பச்சடி அரைக்கிறார்களே, அந்தச் செடியின் சிவப்புப் புல்லிவட்டம். சந்நிதியில் வாங்கி வந்த பூவைக் கொதிக்க வைத்துவிட்டு அளவு இறங்கவில்லையே என்று கேட்டால் எப்படி?

கோயில் பூவிலே இன்னொன்று எச்சரிக்கை. சிவனுக்கு உகந்ததென்று வங்காளிகள் போற்றும் 'கோல்கே', நம் மஞ்சள் அரளி. இதயத்தின் மேல் நேரடியாகப் பாயும் விஷம் அதன் விதையில் இருக்கிறது, டிஜிடாலிஸ் வகையறா. இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் ஒரு மூலிகைக் கலவையிலிருந்து டிஜிடாலிஸைப் பிரித்தறிந்து அளவு கட்டி மருந்தாக்கி, 1785-ல் நூலாக வெளியிட்டார். அரளிக்கு அந்த அளவு அமையவில்லை. யாழ்ப்பாணத்திலும் இலங்கையின் மற்றப் பகுதிகளிலும் 1980-களிலிருந்து அந்த விதை எத்தனை இளம் உயிர்களை வாங்கியிருக்கிறது என்பது அங்குள்ள வார்டுகளுக்குத் தெரியும்.

மனம் கனக்க வேண்டாம், ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்கிறேன். 1917-ல் கல்கத்தாவில் பிறந்த அசீமா முகர்ஜி. கல்யாணத்துக்குப் பிறகு அசீமா சாட்டர்ஜி. 1944-ல் இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அறிவியலில் டி.எஸ்சி. பட்டம் வாங்கிய முதல் பெண், 1975-ல் இந்திய அறிவியல் காங்கிரஸின் முதல் பெண் தலைவர். ஆராய்ச்சிச் சாலை, படி, பணம் எதுவும் சரியாக இல்லாத அந்த யுத்த காலத்தில் அவர் எடுத்துக்கொண்டது சர்ப்பகந்தாவின் உறவுச் செடி ஒன்றை. அதிலிருந்து ராவுல்சின் என்ற ஆல்கலாய்டைப் பிரித்தார். நரம்பு ஏற்பிகளை அலசும் ஆய்வுக்கூடங்களில் அந்தப் பெயர் இன்னமும் நடமாடுகிறது. அவரே பிற்காலத்தில் வலிப்பு நோய்க்கு மருந்து தேடியபோது எதைக் கையில் எடுத்தார் தெரியுமா? ஆரைக்கீரை! நம் வாய்க்கால் ஓரத்து நாலிலை ஆரை.

அந்த உறவுச் செடி எங்கே இருக்கும் என்று கேட்கிறீர்களா? அமெரிக்கக் கண்டத்திலிருந்து எப்போதோ வந்து தமிழ்நாட்டு வேலியோரம், வாய்க்கால் கரை எங்கும் மண்டிக் கிடக்கிறது. ஒரு கணுவுக்கு நாலு இலை, அதில் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. கிள்ளினால் பால். பழம் முதலில் சிவந்து பிறகு கறுக்கும். காட்டுச் சர்ப்பகந்தா வெட்டி வெட்டிக் குறைந்து, 1990 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. அதனால் கடைச் சரக்கில் இந்த வேரைக் கலந்து சர்ப்பகந்தா என்று தள்ளிவிடுவதும் நடக்கிறது. இதன் வேரிலும் ரெசர்பின் உண்டு, ஆனால் அளவு வேறு, கூட இருக்கும் சரக்கும் வேறு. பழம் பார்க்கச் சின்ன மணத்தக்காளி மாதிரி இருப்பதால் குழந்தைகள் வாயில் போட்டுவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.